ஜீப் வாங்கலாமா?

தம்பானூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. ஓர் அண்ணாச்சியும் அக்காவும் அதை நடத்துகிறார்கள். இரண்டு பேரும் எங்கள் வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர்கள்.

அண்ணாச்சி தென்காசிப் பக்கம். அக்காவின் பிறந்த ஊர் போடிநாயக்கனூர் பக்கம். பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சீட்டுக் கட்டினார்கள். சீட்டு விழுந்தது. கையில் இரண்டு லட்சம் ரூபாய் வந்தது.

கடைக்கு ஒரு வண்டி வேண்டும். இதுவரை எல்லாவற்றுக்கும் ஆட்டோதான். ஆட்டோ வாடகையிலேயே பாதி லாபம் போய்விடுகிறது.

அண்ணாச்சி ஒரு பழைய ஜீப்பைப் பார்த்துவிட்டு வந்தார். விலை ஒன்றே முக்கால் லட்சம் சொன்னார்கள்.

"ஜீப் என்றால் ஜீப்தான். மலை ஏறும். சேற்றில் போகும். மழை பெய்தால் நம்ம தம்பானூரில் தண்ணீர் நிற்குமே, அதிலும் போகும். இதையே முடித்துவிடுவோம்" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க. தினமும் ஓட்டுவதற்கு அது சரிப்படுமா என்று விசாரித்துப் பார்ப்போம்" என்றார் அக்கா.

இரண்டு பேரும் வகுப்புக்கு வந்து கேட்டார்கள். வகுப்பில் எல்லோரும் சேர்ந்து பேசினோம். ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் ஒருவரையும் கூப்பிட்டுக் கேட்டோம். அங்கே தெரிந்துகொண்டதை இங்கே எழுதியிருக்கிறோம். உங்களுக்கும் பயன்படலாம்.

ஜீப் எப்படி வந்தது?

போலீஸ் ஜீப்பை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பி.டி.ஓ. ஆபீஸ் ஜீப், தேர்தல் ஜீப், தோட்டத்து ஜீப் என்று எத்தனையோ ஜீப்கள். ஆனால் முதன்முதலில் ஜீப் செய்யப்பட்டது போருக்காக.

இரண்டாம் உலகப் போர் நடந்த காலம். 1940-ஆம் ஆண்டு அமெரிக்க ராணுவம் ஒரு சிறிய வண்டி வேண்டும் என்று கேட்டது. ரோடு இல்லாத இடத்திலும் அது போக வேண்டும். சேறு, மணல், பள்ளம் எதுவும் அதைத் தடுக்கக் கூடாது. 1941-ஆம் ஆண்டு வில்லிஸ், ஃபோர்டு என்ற கம்பெனிகள் அப்படிப்பட்ட வண்டியை ஏராளமாகச் செய்தன. அதுதான் ஜீப்.

போர் முடிந்த பிறகு ஜீப் மற்ற வேலைகளுக்கும் வந்தது. நம் நாட்டில் 1940-களின் கடைசியில் மஹிந்திரா கம்பெனி இந்த வேலையைத் தொடங்கியது. வெளிநாட்டிலிருந்து வந்த பாகங்களைப் பம்பாயில் பூட்டி ஜீப் ஆக்கினார்கள். பிறகு இங்கேயே முழுவதும் செய்தார்கள். காடு, மலை, அணை வேலை, தோட்டம் என்று ரோடு சரியில்லாத இடமெல்லாம் ஜீப் போனது.

ஜீப் பிறந்தது ரோடு இல்லாத இடத்துக்காக. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜீப்புக்குப் பலம் எங்கே இருக்கிறது?

முதல் பலம், நான்கு சக்கர இழுவை. டிரைவர்கள் இதை 'ஃபோர் வீல்' என்பார்கள். சாதாரணக் காரில் எஞ்சின் இரண்டு சக்கரங்களைத்தான் சுற்றுகிறது. அந்த இரண்டும் சேற்றில் மாட்டினால் வழுக்கிச் சுற்றும். வண்டி நகராது. ஃபோர் வீல் ஜீப்பில் நான்கு சக்கரமும் சுற்றும். இரண்டு வழுக்கினாலும் மற்ற இரண்டு இழுத்துவிடும்.

இரண்டாவது பலம், லோ கியர். இதைப் போட்டால் வண்டி மெதுவாகப் போகும். ஆனால் இழுவை நன்றாகக் கூடும். செங்குத்தான ஏற்றத்தில் சுமையோடு ஏறலாம். இறக்கத்திலும் வண்டி பாயாமல் மெல்ல இறங்கும்.

மூன்றாவது பலம், உயரம். வண்டியின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி அதிகம். மஹிந்திராவின் 'தார்' வண்டியில் இது சுமார் 22 சென்டிமீட்டர். கையை விரித்தால் ஏறக்குறைய ஒரு சாண். சிறிய கார்களில் 16, 17 சென்டிமீட்டர்தான் இருக்கும். கல்லும் மேடும் உள்ள வழியில் அடி தட்டாமல் போவதற்கு இந்த உயரம் உதவும்.

ஒன்றைக் கவனியுங்கள். ஜீப் போலத் தெரியும் எல்லா வண்டியிலும் ஃபோர் வீல் இருக்காது. பழைய ஜீப்களில் பல, பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டிகள். தார் வண்டியிலும் 2023-ஆம் ஆண்டு முதல் அப்படி ஒரு வகை வருகிறது. ஆகவே வாங்கும் முன் கேளுங்கள். ஓட்டியும் பாருங்கள்.

"நான் பார்த்த வண்டியில் ஃபோர் வீல் இருக்கிறதா என்று கேட்கவே இல்லையே!" என்றார் அண்ணாச்சி.

மறுநாள் போய்க் கேட்டார். இல்லை என்றார்கள்.

ஜீப் இல்லாமல் முடியாத இடங்கள்

அப்படியானால் ஜீப் வேண்டாத வண்டியா? அப்படிச் சொல்ல முடியாது. அக்கா சொன்னதைக் கேளுங்கள்.

"எங்கள் பக்கத்துப் பெண்கள் விடியும் முன்னே எழுந்து சோறு கட்டிக்கொண்டு கிளம்புவார்கள். ஜீப் வரும். போடிமெட்டு ஏறி ஏலத் தோட்டத்துக்குப் போவார்கள். எங்க அம்மாவும் அப்படிப் போனவர்தான். தோட்டத்துக்குள்ளே ரோடு கிடையாது. கல்லும் சேறும்தான். அங்கே காரை விட்டால் பத்தடி போகாது."

உண்மைதான். தேனி மாவட்டத்து ஊர்களில் இருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்குத் தொழிலாளர்கள் ஜீப்பில் போய் வருகிறார்கள். அவர்களுக்கு ஜீப்தான் அன்றாட வண்டி.

சூரியநெல்லியில் இருந்து கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கும் ஜீப்தான் ஏறும். தோட்டம் ஏழாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது. வழி முழுவதும் கல்.

இடமலைக்குடி என்ற மலைவாழ் மக்களின் ஊரும் இடுக்கி மாவட்டத்தில்தான் இருக்கிறது. 2010-ஆம் ஆண்டு அது தனிப் பஞ்சாயத்து ஆனது. காட்டு வழியில் அந்த ஊர்ப் பக்கம் அரிசியும் மருந்தும் போக ஜீப் எவ்வளவோ உதவியிருக்கிறது.

இப்படிப்பட்ட இடங்களில் ஜீப்பின் பலம் தினமும் வேலைக்கு ஆகிறது. அங்கே ஜீப் வாங்குவதுதான் சரி.

நம் வண்டி எங்கே போகிறது?

இப்போது தம்பானூருக்கு வருவோம். அக்கா ஒரு தாளில் ஒரு நாள் வேலையை எழுதினார்.

விடியற்காலை: சாலைக் கடைத்தெருவில் காய்கறி, அரிசி.
காலை: பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது.
பகல்: கழக்கூட்டம் டெக்னோபார்க் பக்கம் சாப்பாடு கொண்டுபோவது.
மாலை: பாத்திரங்களைத் திரும்ப எடுத்து வருவது.

எல்லாம் சேர்ந்தால் ஒரு நாளைக்குச் சுமார் 40 கிலோமீட்டர். எல்லாமே தார் ரோடு. சிக்னல், நெரிசல், குறுகிய சந்து. மலை இல்லை. சேறு இல்லை.

"பொன்முடிக்குப் போனால்?" என்று அண்ணாச்சி விடாமல் கேட்டார்.

பொன்முடிக்கு 22 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஆனால் அதுவும் தார் ரோடுதான். அரசு பஸ்ஸே போய் வருகிறது. சிறிய கார்களும் ஏறுகின்றன. மலை என்றாலே ஜீப் வேண்டும் என்பதில்லை. ரோடு இல்லாத மலைக்குத்தான் ஜீப் வேண்டும்.

ஃபோர் வீல் உள்ள பழைய ஜீப்பாக இருந்தாலும் தார் ரோட்டில் அதைப் போட்டு ஓட்டக் கூடாது. காரணம் இருக்கிறது. வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் அதிக தூரம் சுற்றும். பின் சக்கரங்கள் குறைவாகச் சுற்றும். ஃபோர் வீல் போட்டால் முன்னும் பின்னும் ஒரே அளவில் சுற்றும்படி பூட்டிக்கொள்ளும். சேற்றில் டயர் கொஞ்சம் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தார் ரோட்டில் வழுக்க முடியாது. டயர் தேயும். கியர் பாகங்கள் கெடும். ஆகவே நகரத்தில் அந்தப் பலம் சும்மாதான் கிடக்கும்.

பழைய ஜீப்பில் இரும்புப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங் இருக்கும். பாரம் தாங்கும். ஆனால் ஓட்டுபவருக்கு நன்றாகக் குலுக்கும். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டி என்றால் நெரிசலில் திருப்பித் திருப்பித் தோள் வலிக்கும். குழம்புப் பாத்திரமும் ததும்பும்!

மழைத் தண்ணீரில் போகலாமா?

தம்பானூரில் மழைத் தண்ணீர் தேங்குவது பழைய கதை. ஆமையிழஞ்சான் தோடு என்ற ஓடை இங்கே ரயில் பாதைகளுக்கு அடியில் ஓடுகிறது. அதில் குப்பையும் மண்ணும் அடைத்தால் தண்ணீர் ரோட்டுக்கு வந்துவிடும். 2015-ஆம் ஆண்டு 'ஆபரேஷன் அனந்தா' என்ற பெயரில் ஓடைகளைச் சுத்தம் செய்து, அடைப்புகளை நீக்கினார்கள்.

ஜீப் உயரமான வண்டி. காரைவிடக் கூடுதல் தண்ணீரில் போகும். தார் வண்டி 65 சென்டிமீட்டர் ஆழம் வரை போகும் என்று கம்பெனி சொல்கிறது. அது ஏறக்குறைய மூன்று சாண். ஆனால் இது நல்ல நிலையில் உள்ள வண்டிக்குச் சொன்ன அளவு. பழைய ஜீப்புக்கு அந்த உறுதி கிடையாது. எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறினால் பெரிய செலவு வைக்கும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. தேங்கிய தண்ணீருக்கு அடியில் திறந்த ஓடை இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஓடும் வெள்ளம் கனமான வண்டியையும் தள்ளிவிடும். ஆகவே எந்த வண்டியாக இருந்தாலும் ஆழம் தெரியாத தண்ணீரில் இறங்காதீர்கள். சற்று நேரம் நின்று, தண்ணீர் வடிந்த பிறகு போங்கள்.

தண்ணீர் நிற்பது வருடத்தில் சில நாட்கள். அந்தச் சில நாட்களுக்காக மற்ற நாட்களிலும் கூடுதல் எண்ணெய் ஊற்ற வேண்டுமா?

கணக்குப் போடுவோம்

அக்கா நோட்டை எடுத்தார். நீங்களும் எடுங்கள்.

டெக்னோபார்க் வேலை மாதத்தில் 20 நாள். ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர்.
20 × 40 = 800 கிலோமீட்டர்.

அந்தப் பழைய ஜீப் நகரத்தில் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்வோம்.
800 ÷ 10 = 80 லிட்டர்.

ஒரு சிறிய வேன் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்வோம்.
800 ÷ 16 = 50 லிட்டர்.

வித்தியாசம் 30 லிட்டர். கணக்கு எளிதாக இருக்க, ஒரு லிட்டர் 100 ரூபாய் என்று வைப்போம்.
30 × 100 = 3,000 ரூபாய்.

இது ஒரு மாதத்துக்கு. ஒரு வருடத்துக்கு 36,000 ரூபாய்.

ஜீப் டீசலில் ஓடி, வேன் பெட்ரோலில் ஓடினால் இந்த வித்தியாசம் கொஞ்சம் குறையும். பெட்ரோல் விலை டீசலைவிடக் கூடுதல். அப்போதும் வேனில்தான் மிச்சம்.

"ஒரு வருடப் பள்ளிச் செலவே வந்துவிடும் போலிருக்கிறதே!" என்றார் அக்கா. அண்ணாச்சி பேசவில்லை. கணக்கை இன்னொரு முறை போட்டுப் பார்த்தார்.

பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள்?

பல பழைய ஜீப்களில் பின் இருக்கை பக்கவாட்டில் இருக்கும். இரண்டு பக்கமும் எதிரெதிராக உட்கார வேண்டும். சீட் பெல்ட் இருக்காது. பின்புறம் கதவும் இருக்காது. சடாரென்று பிரேக் போட்டால் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். வெளியே விழுந்தாலும் விழுவார்கள்.

ஜீப் உயரமானது. உயரமான வண்டியை வளைவில் வேகமாகத் திருப்பினால் கவிழும் ஆபத்து அதிகம். தட்டையான சட்டி எளிதில் சாயாது. உயரமான குடம் சாய்ந்துவிடும். அதே கதைதான். மேலே பாரம் ஏற்றினால் ஆபத்து இன்னும் கூடும்.

ஏலத் தோட்டத்துக்குப் போகும் ஜீப்கள் பலமுறை விபத்தில் சிக்கியிருக்கின்றன. அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். வண்டிக்கு எத்தனை பேர் என்று பதிவில் இருக்கிறதோ அத்தனை பேர்தான் ஏற வேண்டும். இதை ஏறுகிறவர்களும் கேட்க வேண்டும்.

புதிய வண்டிகள் எப்படி?

இப்போது வரும் வண்டிகள் பழைய ஜீப் மாதிரி இல்லை. 2020-ஆம் ஆண்டு வந்த புதிய தார் வண்டியில் பவர் ஸ்டீயரிங், ஏ.சி., காற்றுப் பை எல்லாம் உண்டு. பின் இருக்கை முன்னோக்கி இருக்கும் வண்டிகளும் உண்டு. அதே ஆண்டு நடந்த 'குளோபல் என்கேப்' மோதல் சோதனையில் அதற்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கிடைத்தது. 2024-ஆம் ஆண்டு ஐந்து கதவு வைத்த 'தார் ராக்ஸ்' வந்தது. இவற்றை நகரத்தில் தினமும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் விலையே சுமார் பத்து லட்சத்தில்தான் தொடங்குகிறது. எடை அதிகம் என்பதால் எண்ணெயும் சிறிய காரைவிடக் கூடுதலாகக் குடிக்கும். பணம் தாராளமாக இருப்பவர்கள் ஆசைக்கு வாங்கலாம். இரண்டு லட்சத்தை வைத்துக்கொண்டு தொழில் செய்கிறவர்கள் யோசிக்க வேண்டும்.

காகிதத்தைப் படியுங்கள்

பழைய வண்டி எதை வாங்கினாலும் முதலில் ஆர்.சி.யைக் கேளுங்கள். அதுதான் வண்டியின் பதிவுச் சான்று. அதில் இவற்றைப் பாருங்கள்.

1. விற்பவரும் சொந்தக்காரரும் ஒருவர்தானா?
2. பதிவு எந்தத் தேதி வரை செல்லும்? சொந்த உபயோக வண்டிக்கு முதல் பதிவு 15 ஆண்டுகள். பிறகு சோதனைக்குக் காட்டி, கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும்.
3. எத்தனை இருக்கைகள்?
4. வண்டி மேல் கடன் இருக்கிறதா?
5. எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் உள்ள எண்களும் ஒன்றா?

இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அபராதம் பாக்கி உண்டா என்றும் விசாரியுங்கள். கேரளத்தில் 2023 ஜூன் முதல் ரோட்டோரக் கேமராக்கள் படம் எடுத்து அபராதம் போடுகின்றன. பழைய சொந்தக்காரரின் பாக்கி உங்கள் தலையில் விழக் கூடாது.

ஜீப் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பலர் ஜீப்புக்குப் பெரிய டயர், வேறு எஞ்சின், முன்னால் இரும்புக் கம்பி என்று மாற்றிவிடுகிறார்கள். கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டம்போல மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. முன்னால் இரும்புக் கம்பி வைப்பதையும் மத்திய அரசு 2017-இல் தடுத்தது. மாற்றிய வண்டியை வாங்கினால் அபராதமும் சேர்ந்து வரும்.

வாடகைக்கு ஆள் ஏற்ற நினைத்தால் மஞ்சள் போர்டும் பெர்மிட்டும் வேண்டும். வெள்ளை போர்டு வண்டியில் வாடகைக்கு ஏற்றினால் குற்றம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணமும் சிக்கலாகும்.

அக்கா அந்த ஜீப்பின் ஆர்.சி.யை வாங்கிப் பார்த்தார். அது ஆங்கிலத்தில் இருந்தது. எழுத்துகளை நான் படித்துச் சொன்னேன். எண்களை அக்காவே படித்தார். தேதி இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இன்னும் நாலு மாதம்தான் இருக்கு. அதற்குப் பிறகு புதுப்பிக்க வேண்டுமே! இதை விற்கிறவர் சொல்லவே இல்லையே" என்றார்.

அண்ணாச்சி குனிந்து பார்த்தார். அவரும் படித்தார்.

என்ன முடிவு செய்தார்கள்?

அந்த ஜீப்பை வாங்கவில்லை. ஒரு மாதம் அலைந்து, காகிதம் சரியாக உள்ள ஒரு பழைய சிறிய வேனை வாங்கினார்கள். விலை ஒரு லட்சத்து அறுபதாயிரம். ஒர்க்‌ஷாப்காரரைக் கூட்டிப்போய்ப் பார்த்த பிறகுதான் முன்பணம் கொடுத்தார்கள். முன் இருக்கையில் சீட் பெல்ட் போடுகிறார்கள். பிள்ளைகள் பின் இருக்கையில். பாத்திரங்கள் அதற்கும் பின்னால்.

அண்ணாச்சிக்கு ஜீப் ஆசை போகவில்லை. போன விடுமுறைக்கு போடிக்குப் போனார்கள். சூரியநெல்லியில் ஜீப்பை வாடகைக்குப் பிடித்துக் கொழுக்குமலை ஏறி இறங்கினார்கள்.

"முதுகு இன்னும் வலிக்குது. ஆனால் அந்த வழியில் அந்த வண்டிதான் ஏறும்" என்றார் அண்ணாச்சி.

நண்பர்களே, வண்டி வாங்கும் முன் ஒரு தாளை எடுங்கள். உங்கள் வண்டி தினமும் எங்கே போகும் என்று எழுதுங்கள். தினமும் போகும் வழிக்கு ஏற்ற வண்டியை வாங்குங்கள். எப்போதோ போகும் வழிக்கு வாடகை வண்டி போதும். உங்கள் தினசரி வழியே கல்லும் சேறும் என்றால், தயங்காமல் நல்ல ஜீப்பை வாங்குங்கள்.

பேசுவோம், எழுதுவோம்

1. உங்கள் ஊரில் ஜீப் மட்டுமே போகக்கூடிய இடம் உண்டா? எது?
2. ஃபோர் வீலைத் தார் ரோட்டில் ஏன் போடக் கூடாது?
3. ஒரு வண்டி லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடுகிறது. மாதம் 600 கிலோமீட்டர் ஓட எத்தனை லிட்டர் வேண்டும்?
4. உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் ஆர்.சி.யை வாங்கிப் பாருங்கள். பதிவு எந்தத் தேதி வரை செல்லும்? நோட்டில் எழுதுங்கள்.